படுக்கையருகே வந்த படிவம்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். சபையார் ஒவ்வொருவரும் மாதந்தோறும் நிரப்பித் தரவேண்டும் என்று தாங்கள் ஏற்படுத்தியிருக்கும் ஆவிக்குரிய கணக்குப் படிவத்தைப் பற்றி நேரில் இருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் முறையிட்டுவிட்டேன். "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வராததால், சபையார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுத நேர்ந்தது. படிவம் ஏன் வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் தங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

என் தாயார் மூன்று ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். சென்ற மாதம் வீடு சந்திக்க வந்த சகோதரர் (நல்லவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை) ஜெபித்து முடித்தபின் அந்தத் தாளைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆராதனைக்கு வந்த நாட்கள், ஜெபித்த மணி நேரம், வாசித்த அதிகாரங்கள், சந்தித்த வீடுகள், ஆதாயப்படுத்திய ஆத்துமாக்கள் என்று அதில் ஐந்து கட்டங்கள். அம்மா பென்சில் கேட்டு வாங்கி, நடுங்கும் கையால் முதல் கட்டத்தில் ஒரு சுழியம் போட்டார். வாசித்த அதிகாரங்களுக்கு நேராக 3 என்று எழுதினார். பிறகு, வாசித்தது நான், அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அதை அழித்தார். அழித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த தாளை மார்மேல் வைத்துக்கொண்டு, "தம்பி, இதப் பாத்தா கர்த்தர் என்னைச் சேத்துக்குவாரா?" என்று கேட்டார்.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற எபேசியர் வசனத்தைச் சிறுவயதில் எனக்கு மனப்பாடம் செய்வித்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் சாகும் காலத்தில் இப்படிக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறார் என்றால், அதைக் கொண்டுவந்தது முதுமையோ நோயோ அன்று. ஞாயிறுதோறும் பிரசங்கத்தின் முடிவில் "நீங்கள் கர்த்தருக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு, அவர் நமக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லாமலே ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் செய்யும் நம் வழக்கம் கொண்டுவந்தது. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: கிருபையைக் கிருபையாகவே பிரசங்கியுங்கள்.

"கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லவில்லையா?" என்று தாங்கள் கேட்பீர்கள். செயலில்லாத விசுவாசம் செத்தது என்று சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாக்கோபு சான்று காட்டுவது ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆபிரகாமை. அது ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று எழுதியிருப்பதோ 15-ஆம் அதிகாரத்தில். உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனமே 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ரோமர் 4-இல் பவுல், விசுவாசம் முதலில், விருத்தசேதனம் பிறகு என்ற இந்த முன்பின் வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார். மேலே சொன்ன எபேசியர் வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் அவரே எழுதுகிறார். கனி வேண்டும் என்பதில் எனக்கும் தங்களுக்கும் வழக்கே இல்லை. கனியை எண்ணிக் காட்டினால்தான் வேர் பிடிக்கும் என்பது போல நடந்துகொள்வதில்தான் வழக்கு.

கிரியை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கிருபையென்று எண்ணப்படாது, கடனென்று எண்ணப்படும் என்று அதே ரோமர் அதிகாரம் சொல்கிறது. நம் படிவம் தேவனைக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவராக்கிவிடுகிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் எந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பான்? கையும் காலும் ஆணியில். ஞானஸ்நானமும் இல்லை, வருகைப்பதிவும் இல்லை. "என்னை நினைத்தருளும்" என்ற ஒரு விண்ணப்பம் மட்டும். அன்றைக்கே பரதீசு கிடைத்தது. நம் சபையிலாக இருந்தால், மாத இறுதிவரை காத்திருக்கச் சொல்லியிருப்போம்.

சீர்திருத்த நாளை ஆண்டுதோறும் ஆடம்பரமாகக் கொண்டாடும் சபை இது. 1517-இல் அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லுத்தர் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை எழுதக் காரணமான பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நகைக்கிறோம். அவர்கள் காசை வாங்கிக்கொண்டு சீட்டையாவது கையில் கொடுத்தார்கள். நாம் தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு சந்தேகத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையில், நம் தகுதியினால் அன்றி, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. நூற்றாண்டுகளாக எதிரெதிரே நின்றவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றைச் சொல்ல நம் பிரசங்க பீடத்துக்கு மட்டும் ஏன் நா எழவில்லை என்று தெரியவில்லை.

வார்த்தை சற்றுத் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளவேண்டும். தங்கள் உழைப்பை நான் அறியாதவன் அல்ல. சபை அனலாக இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இதைத் தொடங்கினீர்கள் என்பதையும் நம்புகிறேன். ஆயினும் அந்தப் படிவத்தை நிறுத்தும்படி பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். முழுவதும் நிறுத்த முடியாதென்றால், நோயாளிகளின் கட்டில்களுக்காவது அதைக் கொண்டுவராதிருங்கள். கிருபையைக் கிருபையாகவே பிரசங்கியுங்கள்.

இன்னொரு விண்ணப்பம். அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன்; மகன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டார். போதகர் ஐயா ஒருநாள் வந்து அதே வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினால் போதும். அவருக்குக் காது மந்தம். "இது உங்களால் உண்டானதல்ல" என்ற இடத்தில் மட்டும் சற்று உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சபையின் அங்கத்தினன்