பையில் கசகசா இல்லை

கீழக்கரை

அன்பு மகனுக்கு, வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

துபாய் வருகிறவரிடம் கொடுத்தனுப்பும் பையில் தொதலும் மாசியும் இருக்கும். நீ கேட்ட கசகசா இருக்காது. உம்மா எடுத்து வைத்திருந்தாள். வெளியே எடுத்தது நான்தான். கசகசா அபின் செடியின் விதை; அமீரகத்தில் அது தடைசெய்த சரக்கு. கைப்பிடி அளவு என்றாலும் மாட்டுவது பையைச் சுமந்து வந்தவர். சிங்கப்பூரிலும் அப்படித்தான்.

விதையில் போதை கிடையாதே என்பாய். உண்மைதான், அபின் காயின் தோலில் ஊறும் பால். பிற்பகலில் காயை மேலாகக் கீறிவிடுவார்கள். ராத்திரி கசிந்து பழுப்பாக இறுகியதைக் காலையில் வழித்தெடுப்பார்கள். கீறல் ஆழமானால் பால் உள்ளே இறங்கி விதையையும் கெடுக்கும்; மழை வந்தால் அத்தனையும் கழுவிப் போகும். விதைமேல் ஒட்டிய அந்தப் பிசுக்கு, சிறுநீர்ச் சோதனையில் மார்ஃபின், அதாவது அபினில் உள்ள போதை மருந்து, என்று காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டிலும் உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்த்தால் 1985-ஆம் வருஷச் சட்டம் பாயும்.

இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. தேயிலைக்குச் சீனாக்காரன் வெள்ளி கேட்டான். வெள்ளி கொடுத்து மாளாத வெள்ளைக்காரன் அபினைக் கொண்டுபோய் இறக்கினான். 1773-இல் வங்காளத்து அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. பீகார் குடியானவனுக்கு முன்பணம் கொடுப்பார்கள். விளைந்ததற்கு விலை வைப்பதும் அவர்களே. வாங்கிய கடன் அடுத்த விதைப்பிலும் அவனை விடாது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருண்டை பிடித்து, பெட்டிக்கு 40 உருண்டை, ஏறத்தாழ 64 கிலோ என்று அடுக்குவார்கள். சீனாவில் அபினுக்கு 1729-லேயே தடை. அதனால் கம்பெனி தன் கப்பலில் ஏற்றாது. கல்கத்தாவில் ஏலம் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். தனி வியாபாரிகள் கடத்திப் போவார்கள். சாமர்த்தியம் என்றால் அதுதான்!

1839-இல் லின் ஸெக்ஸு என்ற சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேல் பறித்து, குழி வெட்டி, உப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் கரைத்துக் கடலில் விட்டார். அதற்குப் பதிலாக வந்தது போர். 1842-இல் ஹாங்காங்கும் வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று. வீடுகளில் போனதற்குக் கணக்கே இல்லை. உடம்பு பழகப் பழக அளவு கூடும். நிறுத்தினால் வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. அதற்குப் பயந்தே மறுபடி குடிப்பான்.

உன் அறையில் இருக்கும் மலையாளிப் பையன் கஸ்கஸ் என்று சொன்னால் பயப்படாதே. அது சர்பத்தில் போடும் கறுப்பு சப்ஜா விதை; வேறு செடி. ஆனால் ஊரிலிருந்து வரும் குருமா மசாலா பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பார்.

கசகசா இல்லாமலே ஆணம் (குழம்பு) கெட்டியாக, அரைக் கிலோ கறிக்குப் பத்து முந்திரியை வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, மூன்று கரண்டி தேங்காயோடு மையாக அரை. கறி வெந்த பிறகு ஊற்றித் தீயைக் குறை. முன்னாலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

வஸ்ஸலாம்.
வாப்பா