விரல்களுக்குச் சுதந்திரம் தந்தது ஹெராயின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வாக்கியம்: "ஹெராயின் அந்த விரல்களுக்குக் கொடுத்த சுதந்திரத்தை எந்தச் சாதகமும் கொடுத்திருக்க முடியாது." அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. ஆனாலும், எங்காவது ஒரு "ஆனால்" இருக்கும் என்று கடைசி வரி வரை படித்தேன். இல்லை. அதே வாக்கியத்தைப் பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில், கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள்.

1955-ல் சேர்ந்த அந்த ஐவரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேவிஸ் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன், ரெட் கார்லண்ட் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ். ஹெராயின் அந்தக் குழுவுக்கு என்ன கொடுத்தது என்பதும் தங்களுக்குத் தெரியும். கோல்ட்ரேன் மேடையில் நின்றபடியே கண்செருகிப் போவார். டேவிஸ் அந்தப் படுகுழியில் சில ஆண்டுகள் கிடந்து, 1954 வாக்கில் மீண்டு வந்தவர். அதனால்தான் அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. 1957-ல் கோல்ட்ரேனை அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்குச் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் வந்தார்.

கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியா வீட்டுக்குப் போய் ஹெராயினையும் குடியையும் ஒருசேர விட்டார். அதே ஆண்டின் பிற்பாதியில் நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் வாசித்தார். 1958 தொடக்கத்தில் டேவிஸிடம் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். 1964-ல் பதிவான தம்முடைய 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டின் உறையில், 1957-ல் கடவுளின் அருளால் தமக்கு ஆன்மிக விழிப்பு கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். வாசித்தவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். தங்கள் கட்டுரையாளர் ஹெராயினுக்குச் சொல்கிறார்.

1956-ஐக் கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருக்கிறார். மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் பிரஸ்டீஜ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக நான்கு இசைத்தட்டுக்குத் தேவையானதை வாசித்து முடித்தார்களாம், அது போதை இல்லாமல் மனிதர்களால் ஆகிற காரியமா என்று கேட்கிறார். ஆகும். டேவிஸ் கொலம்பியா கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது, பிரஸ்டீஜ் ஒப்பந்தம் பாக்கி இருந்தது, அதை அடைக்க வாசித்தார்கள். பெரும்பாலானவை ஒரே டேக், அதாவது ஒரே தடவை வாசித்துப் பதிவானவை. ஏனென்றால் அந்த உருப்படிகளை மாதக்கணக்கில் கிளப் கிளப்பாக, இரவு இரவாக வாசித்திருந்தார்கள். இதற்குப் பெயர்தான் சாதகம். எது கொடுத்திருக்க முடியாது என்று எழுதினாரோ, அதேதான் கொடுத்தது. 1956 கோல்ட்ரேனையும் 1958 கோல்ட்ரேனையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். முதலாமவர் தேடுகிறார், தயங்குகிறார், சில இடங்களில் தடுக்கியும் விழுகிறார். இரண்டாமவருக்குத் தடையே இல்லை. எந்த ஆண்டில் உடம்பில் ஹெராயின் இருந்தது, எந்த ஆண்டில் இல்லை என்று பிறகு எழுதட்டும்.

என்னை விடுங்கள். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைவிடப் பெரிய சாட்சி இந்த விஷயத்தில் யார்? போதையிலோ குடியிலோ நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்லும் வாத்தியக்காரன் பொய்யன் என்று 1949-ல் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழுக்கு அவரே சொன்னார். 1946 ஜூலையில் டயல் இசைத்தட்டுக் கம்பெனிக்காக நிற்கக்கூட முடியாத நிலையில் வாசித்ததை வெளியிட்டார்களே, அதை அவர் கடைசிவரை விரும்பவில்லை. அன்றிரவே கைதாகி, காமரில்லோ மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார். 1955 மார்ச் 12 அன்று இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தார். பார்க்கரைப் போல வாசிக்க வேண்டுமானால் பார்க்கரைப் போல ஊசி போட வேண்டும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த நம்பிக்கையைத்தான் தாங்கள் கட்டம் கட்டி மறுபடி அச்சிட்டிருக்கிறீர்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். நான் இளவயதில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். எங்களிடம் ஒரு டிரம்பெட் கலைஞர் இருந்தார். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே போனாலும் அவர் எழுந்து நின்றால் கூட்டம் அமைதியாகும். குடிப்பார். "உள்ளே போனாத்தான்யா அவருக்கு வாசிப்பே வரும்" என்று விழாக் கமிட்டிக்காரர்களே மேடைக்குப் பின்னால் வாங்கி வைப்பார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். மாலையில் ஒத்திகையின்போது, வெறும் வயிற்றில் டீயோடு அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான். அவருடைய ஆகச் சிறந்த வாசிப்பு அதுதான். இரவு பத்து மணிக்கு மேல் உதடு நிற்காது, சுருதி இறங்கும், இன்னொருவர் கீபோர்டில் அந்த இடத்தை நிரப்புவார். ஒருநாள் அவருக்குப் பதில் வேறு ஆளைக் கூப்பிட்டோம். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் மனைவி, "எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். நாற்பது தாண்டும் முன்பே போய்ச் சேர்ந்தார். குடித்தால்தான் வாசிப்பு வரும் என்று சொன்ன யாரையும் நான் அந்தச் சாவு வீட்டில் பார்க்கவில்லை.

அதனால்தான், "டேவிஸ் சட்டை மாற்றுவதுபோல ஆட்களை மாற்றினார்" என்ற வரியையும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1958, 59-ல் ஃபில்லி ஜோ போய் ஜிம்மி காப் வந்ததும், கார்லண்ட் போய் பில் எவன்ஸ் வந்ததும், எவன்ஸ் போய் விண்டன் கெல்லி வந்ததும் தலைவனின் சபலமா? ஒரு குழுவில் ஓர் ஆளை மாற்றுவது என்றால் என்ன என்று மேடையில் நின்றவனுக்குத் தெரியும். பால் சேம்பர்ஸ் ஏறத்தாழ ஏழு ஆண்டு அந்தக் குழுவில் மாறாமல் இருந்தார். அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. குடியும் ஹெராயினும் அரித்த உடம்பில் காசநோயும் சேர்ந்து 1969-ல் இறந்தார். வயது 33.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கும் கேபரே கார்டு வேண்டும். 1967 வரை இந்த நடைமுறை இருந்தது. போதை வழக்கு வந்தால் கார்டு போகும், கார்டு போனால் சோறு போகும். 1951-ல் மங்க் தம் நண்பர், பியானோ கலைஞர் பட் பவலோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் போலீஸ் பிடித்தது. நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்த மங்க் கார்டை இழந்தார். 1957-ல்தான் திரும்பக் கிடைத்தது. அது கிடைக்காமல் இருந்திருந்தால் ஃபைவ் ஸ்பாட்டில் கோல்ட்ரேன் அவர் பக்கத்தில் நின்றிருக்கவே முடியாது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே போதை வழக்கில் சிறை சென்று வந்து, 1948-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற அரங்கமான கார்னகி ஹாலில் பாடினார். ஆனால் ஒரு சாதாரண கிளப்பில் பாட அவருக்கு அனுமதி இல்லை. 1959-ல் மருத்துவமனைக் கட்டிலிலேயே கைது செய்து, வாசலில் போலீஸை நிறுத்தினார்கள். ஜூலை 17 அன்று இறந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியில் மட்டும் அழகைக் காண ஒரு கட்டுரையாளரால் எப்படி முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பில்லி ஹாலிடேயைப் பற்றித் தாங்கள் முன்பு வெளியிட்ட கட்டுரையும் நினைவுக்கு வருகிறது. கணவர்கள், காதலர்கள், கைதுகள் எல்லாம் இருந்தன. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி அவர் சொல்லை இறக்கும் அழகைப் பற்றி எதுவும் இல்லை. அதற்கும் முன்பு இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான கேனன்பால் ஆடர்லியின் படத்தைப் போட்டுக் கீழே கோல்ட்ரேன் என்று அச்சிட்டீர்கள். அப்போதே எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. திரைப்பாடல் தொடரிலும் இதே கதைதான். பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர், அதோடு சரி. வயலினும் தபேலாவும் தானாக ஒலித்துக்கொண்டன போலும் என்று என் பேத்தி நினைக்கும் அளவுக்குத்தான் அந்தத் தொடர் இருந்தது. எத்தனையோ ஆண்டாகத் தங்கள் இதழை வரி விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். வேறு பத்திரிகையாக இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

ரோலின்ஸ் 1955-ல் தானாகவே லெக்சிங்டன் போதை மீட்பு மருத்துவமனைக்குப் போய்ப் பழக்கத்தை விட்டார். வெளியே வந்து கிளிஃபர்ட் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். எந்தப் போதையும் தொடாமல் அப்படியொரு டிரம்பெட் வாசிக்கலாம் என்று ரோலின்ஸுக்குக் காட்டியவர் பிரவுன். 1956 ஜூனில் 25 வயதில் கார் விபத்தில் போய்விட்டார். தங்கள் கட்டுரையாளர் அடுத்து எழுதுவதானால் இவரைப் பற்றி எழுதட்டும்.

நான் கேட்பது இரண்டுதான். அந்தக் கட்டம் கட்டிய வாக்கியத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம். இரண்டாவது, இனி எந்த இசைத்தட்டைப் பற்றி எழுதினாலும் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று கட்டுரையின் கீழே போடுங்கள். டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டு "டேவிஸும் குழுவினரும்" என்று முடித்திருக்கிறார். அந்தக் குழுவினர்: ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ், ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி.