நாள் கணக்கில் அபராதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவரோடு ஹெல்சிங்கிக்கு வெளியே வேனில் வந்துகொண்டிருந்தேன். 80 என்று பலகை இருந்த ரோட்டில் அவர் 105-இல் ஓட்டிவிட்டார். போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: “மாதம் கைக்கு எவ்வளவு வரும்? எத்தனை பிள்ளைகள்?” சொன்னதை வரிப் பதிவோடு அங்கேயே ஒத்துப்பார்த்தும்விட்டார்.

பின்லாந்தில் 1921-லிருந்தே இப்படித்தான். கொஞ்சம் பெரிய தப்பு என்றால் அபராதத்தை நாள் கணக்கில் போடுகிறார்கள். இந்தத் தப்புக்கு இத்தனை நாள் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். வரி போகக் கைக்கு வரும் மாத வருமானத்தில் 255 யூரோவைக் கழித்து, மிச்சத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். வளர்க்கிற பிள்ளைக்கு மூன்று யூரோ வீதம் அதிலும் குறையும். இவருக்கு மாதம் 1,755 யூரோ. நாளுக்கு 25 வந்தது, இரண்டு பிள்ளைகள் என்பதால் 19 ஆனது. 12 நாளுக்கு 228 யூரோ. இதே வேகத்தில், பிள்ளை இல்லாத, 6,255 யூரோ வாங்குகிற ஒருவர் மாட்டியிருந்தால் 1,200 கட்டியிருப்பார். 2002-இல் நோக்கியாவில் பெரிய பொறுப்பில் இருந்த அன்சி வான்யோக்கிக்கு, 50-இல் போகவேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிளை 75-இல் ஓட்டியதற்காக 1,16,000 யூரோ போட்டார்கள். வருமானம் குறைந்துவிட்டது என்று அவர் முறையிட்ட பிறகு நீதிமன்றம் அதை வெகுவாகக் குறைத்தது.

எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. வண்டி இன்ஷூரன்ஸ் முடிந்துபோனதற்கு அவர் கட்டிய அபராதம் உனக்கும் நினைவிருக்கும். கைமாற்று வாங்கிக் கட்டினார், அதை அடைக்க இரண்டு மாதம் ஆனது. அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்ற காரில் இருந்தவர் அதே தொகையைக் கண்ணாடியைப் பாதி இறக்கி நீட்டிவிட்டுப் போனாராம். ரசீதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான். ஆனால் தண்டனை அப்பாவுக்கு மட்டும்தான் கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. வேக வரம்பைவிட 20 கிலோமீட்டர் வரை வேகமாக ஓட்டினால் வருமானம் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே தொகைதான். நீதிமன்றம் போட்ட நாள் கணக்கு அபராதத்தைக் கட்ட முடியாமல் போனால், மூன்று நாள் அபராதத்துக்கு ஒரு நாள் என்று சிறையாக மாற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி உள்ளே போகிறவர் பணக்காரராக இருக்க மாட்டார் அல்லவா? இதுதான் எனக்கு உறுத்துகிறது.

இருந்தாலும், அந்த ரோட்டோரத்தில் ஒருவருடைய பிள்ளைகளை எண்ணிவிட்டு அபராதம் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன் அண்ணா. இதை அப்பாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டு. அந்த ரசீதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாரா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தம்பி