செல்வி கேட்ட பூச்சி

லண்டன், செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதாததற்கு வேலையைத் தவிர வேறு காரணமில்லை. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அனுப்பிய படத்தில் வாசற்சுவரில் ஒட்டியிருந்தது என்ன பூச்சி என்று செல்வி கேட்டிருந்தாள். இங்கே ரெட் அண்டர்விங் என்று சொல்லும் அந்துப்பூச்சி அது. கட்டோகாலா பேரினத்தைச் சேர்ந்தது. நுப்தா என்ற சிற்றினப் பெயரை ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767இல் இட்டார்.

உட்கார்ந்திருக்கையில் சாம்பலும் பழுப்புமான முன்சிறகுகள் மூடிக்கொள்வதால் மரப்பட்டைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. சீண்டினாலோ கருப்புப் பட்டைகள் ஓடும் செக்கச்சிவந்த பின்சிறகுகளைச் சட்டென்று விரித்துக் காட்டும். கொத்த வந்த பறவை திடுக்கிட்டுத் தயங்கும் கணத்தில் தப்பிவிடும். சிவப்பை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்யக் கூடாது என்கிறார் மாடி வீட்டுப் பெரியவர். பூச்சிகளை வரவழைக்கக் கரும்பாகையும் பியரையும் சேர்த்துக் காய்ச்சி, அந்தி நேரத்தில் அடிமரங்களில் பூசிவிட்டு டார்ச்சோடு காத்திருப்பாரே, அவர்தான். பின்சிறகின் உட்பக்கக் கரும்பட்டை நம்முடையதில் மெல்ல வளைந்து போகும். ஓக் மரத்தில் வளரும் டார்க் கிரிம்சன் என்ற அதன் உறவினத்தில் அது கூர்மையாக மடங்கி மடங்கிச் செல்லும். பின்சிறகில் நீலப்பட்டை உள்ள இனமும் ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் இனப்பெருக்கம் நின்றுபோய், இந்த நூற்றாண்டில் திரும்பி வந்திருக்கிறது.

ரெட் அண்டர்விங்குக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். கோடையின் கடைசியில் வில்லோ, பாப்லர் மரங்களின் பட்டை வெடிப்புகளில் முட்டையிட்டுவிட்டுத் தாய்ப்பூச்சி மடிந்துவிட, முட்டை மட்டுமே குளிர்காலத்தைத் தாண்டும். வசந்தத்தில் பொரியும் புழு இரவில் இலை தின்று, பகலில் குச்சியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் உள்ள மெல்லிய இழைகள் அதன் நிழலைக்கூட மறைத்துவிடும் என்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் நம்பினேன். செல்வி அருகில் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடியை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாள்; அவளோடு சண்டை போட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! பிறகு அந்தப் புழு இலைகளுக்கிடையிலோ பட்டையிடுக்கிலோ கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும்.

இவ்வளவு கேட்கிறவள் விலங்கியலே படிக்கட்டும் என்பது என் கருத்து. அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகப் பேச வேண்டும். கட்டணப் பணம் வருவதில் ஒரு சிறு தாமதம், அவ்வளவுதான். கடைசி நாளுக்குள் அனுப்பிவிடுவேன். அதற்காகச் சித்தப்பாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்