இரண்டு நோட்டு ஒரு பதிவேடான ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு மாதம் மட்டும் போதிய பேர் வராததால் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம். கணக்குத் தணிக்கை முடிந்துவிட்டது, வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய உறுப்பினர் பட்டியலும் சந்தா நிலுவையும் இணைப்பில் உள்ளன. அவற்றைப் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இந்த ஆண்டு நாம் எடுத்த ஒரு முடிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் அலுவலக அலமாரியில் இரண்டு நோட்டுகள் இருந்தது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒன்றில் உதவி செய்கிறவர்களின் பெயர்கள், மற்றொன்றில் உதவி பெறுகிறவர்களின் பெயர்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒரே பெயர் இரண்டிலும் வந்ததில்லை. வரக்கூடும் என்று நாங்கள் நினைத்ததும் இல்லை.

ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகள் கொடுத்தோம். வழக்கம்போல மேடை போட்டோம், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தோம், பை கொடுக்கும்போது படம் எடுத்தோம். அதில் ஒரு பையன் பையை வாங்கியதும் அதைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். கையை இறக்கச் சொன்னோம், அவன் இறக்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று எல்லோரும் சிரித்தோம். அன்று மாலை அவன் அம்மா அலுவலகத்துக்கு வந்து, "அவன் கூடப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்களே, அதை எடுத்துவிட முடியுமா?" என்று மிகவும் தயங்கிக் கேட்டார். கொடுத்தது நாம், தயங்கி நின்றது அவர். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே எல்லாப் படங்களையும் அழித்தோம். உதவி பெறுகிறவர்களைப் படம் எடுப்பதில்லை என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். அந்தத் தாயிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். நம்முடைய மகிழ்ச்சிக்காக ஒரு பிள்ளையிடமிருந்து நன்றியைக் கேட்டு வாங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி, படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் குடும்பங்களுக்காக நாம் தொடங்கிய முறைப்பணி. எழுந்து நடமாட முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். அதாவது கவனிக்கிறவருக்கு ஒரே மூச்சில் மூன்று மணி நேரத் தூக்கம்கூடக் கிடையாது. வெளியே போய்ச் சும்மா நடந்துவிட்டு வருவதும் முடியாது. அதனால் நம் உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகப் போய் வாரத்தில் ஒரு பிற்பகல் நோயாளியோடு இருந்தார்கள். அந்த நேரம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். தூங்கலாம், வெளியே போகலாம், எதுவும் செய்யாமல் இருக்கலாம். என்ன செய்தீர்கள் என்று நாம் கேட்பதில்லை.

கணவர் படுக்கையில் இருக்கும் ஓர் அம்மா மட்டும் இந்த உதவியை ஏற்க மறுத்துவிட்டார். மூன்று முறை போய்க் கேட்டோம். மூன்றாவது முறை, "சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தைக்கத் தெரியும், உங்களுக்கு ஏதாவது தைக்க இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். நம்மிடம் இருந்ததோ ஜிப் போன பைகளும் கிழிந்த சீருடைகளும்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்து, பழுது காரணமாக ஒதுக்கி வைத்தவை. அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் தைத்து, தேய்த்து, மடித்துக் கட்டி வைத்திருந்தார். அப்புறம் வாரந்தோறும் நம் ஆட்கள் அவர் வீட்டுக்குப் போவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அந்த உடைகளைத்தான் ஆண்டின் பிற்பகுதியில் நாம் கொடுத்தோம்.

அவர் பெயரை எந்த நோட்டில் எழுதுவது என்ற கேள்வி செயற்குழுவில் வந்தது. இரண்டிலும் எழுதலாம் என்றார் ஒருவர். இரண்டு நோட்டு எதற்கு என்று கேட்டார் இன்னொருவர். அன்றைய விவாதம் நீண்ட நேரம் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் "பதிலுக்கு நீ என்ன செய்வாய்" என்று கேட்டால் அது உதவியா, கூலியா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நாம் மேலே போயிருக்க முடியாது.

பதிலைத் தேடும்போது நான் படித்த ஓர் ஆய்வை அங்கே சொன்னேன். 2003ஆம் ஆண்டு ஸ்டெஃபனி பிரவுனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டது அது. வயதான 423 தம்பதிகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கைகொடுத்தவர்கள், வாழ்க்கைத் துணைக்கு மனத்தளவில் ஆதரவாக இருந்தவர்கள், அந்த 5 ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பிறரிடமிருந்து உதவி பெற்றதற்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. உடல்நலம், வயது, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் இந்த வேறுபாடு இருந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் நம் இரண்டாவது நோட்டில் இருந்தவர்களுக்கு நாம் எதைக் கொடுக்காமல் விட்டோம் என்பதை அது எனக்குக் காட்டியது. அவர்கள் கையால் கொடுக்கும் வாய்ப்பை நாம் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டது இதுதான்: யாரிடமும் எதையும் பதிலுக்குக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் வேண்டாம் என்று தடுக்கவும் கூடாது. எதிர்த்துப் பேசிய மூத்த உறுப்பினரே இந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு நோட்டுகளும் மூடப்பட்டு ஒரே பதிவேடு தொடங்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத பெரியவர் ஒருவர், தொலைபேசியில் பேச மட்டும் தன்னால் முடியும் என்று சொல்லியனுப்பினார். இப்போது தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் அழைத்து நலம் விசாரிப்பது அவர்தான். ஒரு நாள் ஒரு வீட்டில் தொலைபேசியை எடுக்கவில்லை என்று உடனே நமக்குச் சொன்னார். நம் ஆட்கள் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். சரியான நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், இடுப்பு எலும்பு முறிவோடு போயிற்று. அந்தப் பாட்டி இன்று இந்த அரங்கில் முன்வரிசையில் இருக்கிறார்.

அடுத்தது ரத்த தானம். ஜூன் 14ஆம் தேதி உலக ரத்த தான நாள். ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1868இல் பிறந்த நாள் அது. நாமும் அன்று ஒரே ஒரு பெரிய முகாம் நடத்துவதுதான் பழக்கம். இந்த ஆண்டு ரத்த வங்கி மருத்துவர் அதை மாற்றச் சொன்னார். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 முதல் 7 நாட்கள் வரைதான். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு மீதி மாதங்களில் யாரும் வராவிட்டால் நோயாளிக்கு என்ன பயன்? அதனால் கொடையாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஆண்டு முழுவதும் முறை வைத்து அனுப்பினோம். கூட்டமும் பதாகையும் இல்லை. ஆனால் கேட்டபோது ஆள் இருந்தது.

ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெண் உறுப்பினர் தவறாமல் போனார். பிரசவத்தின்போது நிறைய ரத்தம் போய், முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தத்தால் பிழைத்தவர் அவர். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்ததாகச் சொன்னார். முதல் முறை ரத்தம் கொடுக்க வந்து பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவராக எடுத்துக்கொண்ட வேலை.

குடும்ப நாள் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே 15 சர்வதேசக் குடும்ப நாள், 1993இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இந்த ஆண்டு அன்று போட்டிகள் வைக்காமல் ஒரு பயிற்சி வைத்தோம். 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் 20 குடும்பக் காரியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். 16 காரியங்களில் இருவர் பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டிப் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை.

நம் கூட்டத்திலும் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னோம். நானும் என் கணவரும் எழுதினோம். மாமியாரைக் கவனிப்பதில் பெரும்பங்கு என்னுடையது என்று எழுதியிருந்தேன், அதை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தாளில் "இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது" என்று ஒரு வரி இருந்தது. பல மாதங்களாக நடந்திருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வேன் என்று இருட்டிலேயே செய்திருக்கிறார். பிறர் வீட்டு நோயாளிகளுக்கு முறை போட்டுத் தந்தவள் நான். என் வீட்டில் ஒரு முறை ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு நன்றி சொன்னேன். "இதுக்கு எதுக்கு?" என்றார். ஆனால் கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசாமல் வந்தார்.

இதன் தொடர்ச்சியாகத்தான் நன்றிக் கடிதம் எழுதும் வேலையைத் தொடங்கினோம். சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, முடிந்தால் நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். 2005இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் இதைச் சோதித்தபோது, எழுதியவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை கூடியிருந்தது, பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒரு கடிதம் ஆயுளுக்கும் போதாது, மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலோருக்குத் தடையாக இருந்தது கூச்சம். 2018இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் செய்த ஆய்வில், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதுகிறவர்கள் நினைத்த அளவுக்குப் பெற்றவர்களுக்கு இருக்கவில்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அவர்கள் அதிகமாக மகிழ்ந்தார்கள்.

ஓர் உறுப்பினர் தன் அண்ணனுக்கு எழுதினார். சொத்துப் பிரிவினையில் வழக்காகி, பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிறு வயதில் காய்ச்சலோடு கிடந்த தன்னை மழையில் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனதற்கு நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். சில வாரங்கள் கழித்து, தம்பி மகளுக்குப் பரீட்சை நடந்த நாளின் காலையில் தொலைபேசி வந்தது. "பாப்பா கிளம்பிட்டாளா?" என்று கேட்டாராம், அவ்வளவுதான். வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணன் வாரம் ஒருமுறை அழைக்கிறார்.

சரியாகச் செய்யாத ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். மாலை நேரப் படிப்பு உதவி இரண்டு மாதங்களில் நின்றுபோனது. ஆர்வத்தோடு பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கடைசியில் ஒரு வாரம் யாருமே வரவில்லை. பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து காத்திருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். இதற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. மாற்று ஆள் இல்லாமல் தொடங்கியிருக்கக் கூடாது. ஒரு பிள்ளையிடம் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது, முதலிலேயே வராமல் இருப்பதைவிட மோசமானது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பேர், கூடவே ஒரு மாற்று ஆள் என்று உறுதியானால்தான் மீண்டும் தொடங்குவோம்.

வரும் ஆண்டில் முறைப்பணியை இரவு நேரத்துக்கும் நீட்டிக்க விரும்புகிறோம். அதற்குப் பயிற்சி தர ஒரு செவிலியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரவில் கவனிக்கிறவர்கள் எவ்வளவு களைத்துப் போகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

நம் தொண்டர்கள் வெளியே போன ஒவ்வொரு பிற்பகலிலும் அவர்கள் வீட்டு வேலையை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வந்ததில்லை. இங்கே வந்திருக்கும் அந்தக் கணவர்களுக்கும் மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சங்கத்தின் சார்பில் என் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய பதிவேடு வாசல் பக்கத்து மேசையில் பேனாவோடு வைக்கப்பட்டிருக்கிறது. பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள் உண்டு: "என்னால் முடிந்தது", "எனக்கு வேண்டியது". இரண்டையும் நிரப்பலாம், ஒன்றை மட்டும் நிரப்பினாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்