அட்டையில் ஆலோசகர், படிவத்தில் விற்பனையாளர்: 12,310 ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்டில் உங்கள் கிளையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்து விசிட்டிங் கார்டு கொடுத்தார். பெயருக்குக் கீழே ‘வெல்த் அட்வைசர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. நான் ரிடையர் ஆகி வந்த பி.எஃப். பணம் 12 லட்சம் கையில் இருந்த நேரம். பென்ஷன் எவ்வளவு, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்று முக்கால் மணி நேரம் விசாரித்துவிட்டு ஒரு மியூச்சுவல் ஃபண்டைச் சொன்னார், பணத்தை அதில் போட்டேன். ஃபீஸ் எவ்வளவு தம்பி என்று கேட்டதற்கு, “உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம் சார்” என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்தே மாதத்தில், 2025 ஜூனில், அவரே போன் செய்து வேறொரு நிறுவனத்தின் புது ஃபண்ட் வருகிறது, யூனிட் 10 ரூபாய்க்கே கிடைக்கிறது, பழையதை எடுத்து இதில் போடுங்கள் என்றார். 10 ரூபாய் யூனிட் என்பதால் மலிவு என்று எதுவும் கிடையாது என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் சொன்னபடி மாற்றினேன். ஒரு வருடம் முடியாததால் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் வெளியேறுவதற்கான பிடித்தம், 1 சதவீதம், 12,310 ரூபாய் போயிற்று. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அது மிச்சம்.

அக்டோபரில் என் முதலீடுகளையெல்லாம் ஒன்றாகக் காட்டும் சிஏஎஸ் அறிக்கை வந்தது. விநியோகஸ்தருக்கு, அதாவது ஃபண்டை விற்ற உங்களுக்கு, கொடுத்த கமிஷன் என்ற இடத்தில் ஆறு மாதத்துக்கு 5,870 ரூபாய். ஒரு பைசா வாங்காத ஆலோசனை! விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்தில் இது ஃபண்டின் செலவோடு சேர்ந்து தினமும் என்ஏவியிலேயே, அதாவது யூனிட்டின் மதிப்பிலேயே, கழிந்துவிடுகிறது, பில்லும் இல்லை ரசீதும் இல்லை. 2013 ஜனவரியிலிருந்து ஃபண்ட் கம்பெனியிடமே நேராக வாங்கும் டைரக்ட் திட்டம் இருக்கிறது, அதில் இந்தக் கமிஷன் கிடையாது, உங்கள் ஆள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சரி, எந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடையைக் காட்டுவார்? ஆனால் கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும், என் சண்டையே அதுதான்.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவான முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். வாடிக்கையாளர் நலனை முன்னால் வைப்பது அவருக்குச் சட்டப்படியான கடமை. ஃபீஸை நம்மிடமே நேராக வாங்குவார், ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. உங்களிடம் இருப்பது ஏஆர்என், அதாவது விற்பதற்கான எண். அதை வைத்துக்கொண்டு வெல்த் அட்வைசர் என்று பெயர் போடக் கூடாது என்று செபி 2020லேயே விதியைத் திருத்திவிட்டது.

இதையெல்லாம்விட என்னைக் கடுப்பாக்கியது விண்ணப்பப் படிவத்தின் நகல். வந்து பேசிய ஊழியர் யார் என்று காட்டும் இயுஐஎன் எண்ணை எழுத வேண்டிய கட்டம் காலி. கீழே பொடி எழுத்தில், ஊழியர் யாருடைய ஆலோசனையும் இல்லாத பரிவர்த்தனை இது, கட்டத்தை நானே வேண்டுமென்றே காலியாக விட்டேன் என்று ஓர் உறுதிமொழி. தம்பி பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் என் கையெழுத்து. அப்படியானால் முக்கால் மணி நேரம் என் சோபாவில் உட்கார்ந்து பேசியது யார்?

12,310 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்தக் கட்டம் ஏன் காலியாக விடப்பட்டது, யார் விடச் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் உங்கள் ஏஆர்என் எண்ணோடு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபிக்குப் புகார் போகும். விசிட்டிங் கார்டு, படிவம் இரண்டின் நகலும் இணைத்திருக்கிறேன். அப்புறம், சமாதானம் பேச அந்தத் தம்பியை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்