பெட்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இதை எழுத நினைத்து மூன்று மாதமாகிறது. நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேரில் பார்த்தால், "இப்போ எப்படி இருக்கே?" என்று நீங்கள் கேட்க, "நல்லா இருக்கேன்" என்று நான் சொல்ல, பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. மனசு சரியில்லாமல் கிடந்த அத்தனை நாளும், ஊரிலேயே எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நன்றி நர்ஸம்மாவுக்கு. தலைவலி, முதுகுவலி, தூக்கம் வரவில்லை என்று ஒன்றரை வருடம் டாக்டர்களிடம் அலைந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் ஒரு டாக்டர், "உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று முடித்துவிட்டார். மனசுதான் வியாதி என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, பிறகு ஏன் அனுப்பினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

நர்ஸம்மா, நீங்கள் அன்று வந்தது படுக்கையில் இருக்கும் என் மாமியாரைப் பார்க்க. வேலை முடிந்து வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்து, "உங்களை யாரும் பார்க்கலையே" என்றீர்கள். மறுபடியும் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தீர்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒவ்வொன்றாக வாசித்து, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. மற்ற எட்டையும் கேட்ட அதே குரலில்தான் அதையும் கேட்டீர்கள். "தோணியிருக்கு" என்றேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படிக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். என்னைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. எனக்கு வந்தது 27க்கு 19. 10 வந்தாலே கவனிக்க வேண்டும் என்றீர்கள்.

அடுத்தது கொழுந்தனாருக்கு. தம்பி, நர்ஸம்மா உங்களிடம் பேசிய அன்று சாயங்காலமே வந்து, வீட்டில் இருந்த பூச்சிமருந்தை எல்லாம் உங்கள் தோட்டத்து இரும்புப் பெட்டிக்கு மாற்றிப் பூட்டினீர்கள். "என்னைத் திருடி மாதிரி நடத்துறீங்களே" என்று அழுதேன். நீங்கள் ஒன்றும் பதில் சொல்லாமல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். அந்தக் கோபத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலைகள் உச்சத்தில் இருந்தனவாம். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின், இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் குறைந்திருக்கிறது. கவலையெல்லாம் தீர்ந்தா போயிருக்கும்? செத்துவிடலாம் என்ற அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துவிடுகிறார். எனக்கும் அப்படி இரண்டு ராத்திரிகள் வந்து போயின.

என் மகளுக்கு என்ன சொல்வது. இரண்டு போகம் பொய்த்து, அப்பா வெளியூர் வேலைக்குப் போய், பாட்டி படுத்த படுக்கையாகி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கடன்காரர் கூப்பிடுவார் என்று போனை எடுக்காமல் விட்டேன். போனை எடுக்காததால் சொந்தக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பேச ஆளில்லாமல் தூக்கம் போனது, தூக்கம் போனதும் காட்டு வேலை கெட்டது, கடன் இன்னும் ஏறியது. "தைரியமா இரு" என்று சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், தைரியமில்லாதவள் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

நீ அப்படி எதுவும் சொல்லவில்லை கண்ணு. நான் பிரித்துப் பார்க்கப் பயந்து ஒரு டப்பாவில் திணித்து வைத்திருந்த ரசீதுகளைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றையும் கையால் நீவிவிட்டு, நோட்டில் எழுதினாய். கூட்டிப் பார்த்தால், நான் ராத்திரியெல்லாம் பயந்த தொகையைவிடக் குறைவு! ஆஸ்பத்திரியில் ஆலோசகர் சொன்னபடி, நம்மால் மாற்ற முடிந்தது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்தோம். மழை முடியாத பக்கம். தவணையைத் தள்ளிப் போடக் கேட்பது முடிந்த பக்கம். வீட்டு வாசலில் நின்று கத்திய அந்த வசூல்காரர் எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில், அவர் வரும்போது சித்தப்பா கூட இருக்க வேண்டும் என்று எழுதினாய்.

பக்கத்து வீட்டு அக்கா, வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் என் மாமியாரைப் பார்த்துக்கொண்டீர்கள். அந்த நேரத்தில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருவேன். உங்களுக்கு அது சின்ன உதவியாகத் தோன்றலாம். இரண்டு வருடத்தில் எனக்கென்று கிடைத்த முதல் இரண்டு மணி நேரம் அதுதான்.

டாக்டரம்மா, மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதலில் குமட்டல்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினீர்கள். சொல்லியிருக்காவிட்டால் பத்தாம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன். தேறிய பிறகும் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றதும் நினைவிருக்கிறது.

அப்புறம், மூன்றாவது தெருப் பெரியம்மா. ஒரு நாள் மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இருந்துச்சு, நானும் மாத்திரை சாப்பிட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மர பெஞ்சில் உட்கார்ந்து மனம் நொந்தவர்களிடம் பேசும் ஏற்பாடு 2006இலிருந்து நடக்கிறதாம். இந்த வியாதிக்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயருக்கு 'அதிகமாக யோசிப்பது' என்று அர்த்தமாம். நர்ஸம்மா இதைச் சொன்னபோது எனக்கு உங்கள் முகம்தான் வந்தது, பெரியம்மா.

போன வாரம் அதே ஒன்பது கேள்விகள். இந்த முறை 6. தூக்கம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மாமியார் அப்படியேதான் இருக்கிறார், கடனும் பாதி இருக்கிறது. ஆனால் போன் அடித்தால் எடுக்கிறேன்.

தம்பி, காட்டுக்கு மருந்தடிக்கும் நாளில் வந்து திறந்து கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்